சண்டையா, போராட்டமா? ஒரு சொல்லும் கெடா தோட்டங்களின் வரலாறும்



சில வாரங்களுக்கு முன், படிவம் ஐந்து மாணவர்களிடம் தங்கள் குடும்பத்தின் தோட்ட வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். திகாம் பத்துவிலிருந்து வரும் ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், ஸ்ட்ரகிள்னா தமிழ்ல என்ன? சண்டையா, போராட்டமா, கஷ்டமா?" என்று கேட்டான். எதற்கு என்று விசாரித்தேன். "எங்க கொள்ளுத் தாத்தா பீடோங் பக்கம் தோட்டத்துல இருந்தாராம். கள்ளுக்கடை சண்டையில மாட்டி ஜெயிலுக்குப் போயிட்டாருன்னு பாட்டி சொல்வாங்க. அதை எழுதலாமா வேணாமான்னு தெரியல" என்றான்.

கவனித்துப் பாருங்கள், அவன் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. ஒன்று, ஆங்கிலச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல் எது என்பது. மற்றொன்று, தாத்தா செய்தது வெட்கப்பட வேண்டிய காரியமா இல்லையா என்பது. முதல் கேள்விக்கு அகராதி பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும். இந்தக் கட்டுரை இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

உடம்பில் பிறந்த சொற்கள்

'ஸ்ட்ரகிள்' என்னும் ஆங்கிலச் சொல் 14ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் உள்ளது. கவிஞர் சாசர் அதைக் கையாண்டிருக்கிறார். தொடக்கத்தில் அதன் பொருள் முழுக்க முழுக்க உடம்பு சார்ந்தது. ஒருவரையொருவர் பிடித்து இழுப்பது, பிடியிலிருந்து திமிறுவது, கட்டிப்புரள்வது. பின்னால் பொருள் விரிந்தது. 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் டார்வின் மூன்றாம் அத்தியாயத்துக்கு 'இருத்தலுக்கான போராட்டம்' என்று பொருள்படும் தலைப்பைக் கொடுத்தார். அங்கே இந்தச் சொல் உயிரினங்களின் வாழ்க்கையையே குறித்தது. மார்க்சும் எங்கெல்சும் 1848இல் எழுதிய அறிக்கை ஆங்கிலத்துக்கு வந்தபோது, 'வர்க்கப் போராட்டம்' என்ற பொருளிலும் அதே சொல் நிலைபெற்றது. இன்றைக்கு, "லைஃப்ல ரொம்ப ஸ்ட்ரகிள் பண்றேன்" என்று நம் பிள்ளைகள் பேசும்போது, பிடியும் இல்லை, திமிறலும் இல்லை. வெறும் கஷ்டம்தான் மிஞ்சியிருக்கிறது.

தமிழிலும் இதே பயணம் நடந்திருக்கிறது. 'பொரு' என்பது வேர். பொருதல் என்றால் மோதுதல். அதிலிருந்து 'போர்' வந்தது. போரோடு 'ஆட்டம்' சேர்ந்து 'போராட்டம்' ஆனது. நேருக்கு நேர் இரண்டு உடம்புகள் மோதிக்கொள்ளும் காட்சிதான் இந்தச் சொல்லின் அடியில் கிடக்கிறது.

அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டுமா? புறநானூறு 80ஆம் பாடலை எடுத்துப் படியுங்கள். பாடியவர் சாத்தந்தையார். பாடப்பட்டவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அவன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்கிறான். ஒரு காலை எதிரியின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைத்துப் பிடிக்கிறான். பசித்த யானை மூங்கிலை முறிக்க முயல்வது போல எதிரியின் தலையும் காலும் முறியும்படி மோதுகிறான் என்கிறார் புலவர். இந்த நிலையை அவன் தந்தை தித்தன் பார்க்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறார். 'மல்' என்றால் வலிமை. 'மல்லுக்கு நிற்கிறான்', 'மல்லுக்கட்டுறான்' என்று வீட்டிலே பேசுகிறோமே, அது இந்தச் சொல்தான். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்று பட்டம். மாமல்லபுரம் அந்தப் பெயரில் எழுந்த ஊர். தோட்டங்களில் பெரியவர்கள் சொல்லும் 'குஸ்தி' மட்டும் பாரசீகத்திலிருந்து வந்து சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் 'போராட்டம்' புதிய உடுப்புப் போட்டுக்கொண்டது. காந்தியடிகளின் காலத்தில் 'சுதந்திரப் போராட்டம்', 'சத்தியாக்கிரகப் போராட்டம்' என்ற தொடர்கள் வந்தன. கையே ஓங்காதவர்களும் போராளிகள் ஆனார்கள். பட்டினி கிடப்பதுகூட 'உண்ணாவிரதப் போராட்டம்' ஆயிற்று. அடிப்பது மட்டும் போராட்டமாக இருந்த நிலை மாறி, அடியைத் தாங்கி நிற்பதும் போராட்டம் ஆனது. நம் கட்டுரைக்கு இந்த மாற்றம் மிக முக்கியம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யானையும் சருகுமானும்

நம் மாணவர்கள் மூன்று மொழி படிக்கிறவர்கள். மலாய் மொழியில் 'பெர்ஜுவாங்' என்றால் போராடுவது, 'பெர்ஜுவாங்கான்' என்றால் போராட்டம். தேசிய வரலாற்றுப் பாடநூல் முழுக்க இந்தச் சொல்லைக் காணலாம். ஆனால் இதற்கும் அடியில் உடம்பு உண்டு. யானையும் யானையும் 'பெர்ஜுவாங்' செய்தால், நடுவில் மாட்டிய சருகுமான் சாகும் என்று ஒரு மலாய்ப் பழமொழி இருக்கிறதல்லவா? அங்கே அந்தச் சொல் இரண்டு விலங்குகள் முட்டி மோதுவதைத்தான் குறிக்கிறது. கட்டிப்புரளும் சண்டைக்கு 'கெலுட்' என்று வேறு சொல் உண்டு. அடிதடிக்கு 'கடுஹ்', கலவரத்துக்கு 'ருசுஹான்'.

வள்ளுவரும் யானைச் சண்டையைக் காட்டுகிறார், 758ஆம் குறளில். கையில் பொருளை வைத்துக்கொண்டு ஒரு காரியத்தில் இறங்குவது, குன்றின் மேல் ஏறி நின்று யானைப்போரைப் பார்ப்பது போன்றது என்கிறார். பொருள் உள்ளவன் பத்திரமாக மேலே நிற்கிறான். பழமொழியின் சருகுமானோ கீழே, கால்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரே மோதல்தான். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

தோட்டத்து அமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான். துரையின் பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். மேட்டில் இருந்தவர் எழுதியதும் பள்ளத்தில் இருந்தவர் பேசியதும் ஒரே சொல்லாக இருக்க முடியுமா?

கிள்ளான், 1941

கெடாவுக்கு வருமுன் சிலாங்கூரில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். கெடா நிகழ்வுகளைப் புரிந்துகொள்ள அது தேவை. வரலாற்று மாணவர்களுக்கும் பயன்படும்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடர்ச்சியாக வேலைநிறுத்தங்கள் நடந்தன. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் இதில் முன்னின்றது. ஆர். எச். நாதன் அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவர். கோரிக்கைகளைப் படித்தால் இன்றும் மனம் கனக்கும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும். தோட்டத்தில் உள்ள கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும், நல்ல மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். கொடுமை செய்யும் தண்டல், கிராணிகளை நீக்க வேண்டும். துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுக்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கோரிக்கையைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். காசு சம்பந்தமில்லாத கோரிக்கை அது. ஒரு மனிதன் தன் சொந்தச் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகலாமா என்ற கேள்வி. உடம்பு நிமிர்ந்திருக்கலாமா என்ற கேள்வி. போராட்டம் என்னும் சொல்லின் அடியில் உடம்பு இருக்கிறது என்று மேலே சொன்னேனே, இங்கே அது கண்ணுக்குத் தெரிகிறது.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தனர். இராணுவம் வரவழைக்கப்பட்டது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது.

பீடோங், 1946–47

ஜப்பானியர் காலத்தில் தோட்டத்து மக்கள் பட்டது கொஞ்சமா? சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பால்வாளி தூக்கிய கை துப்பாக்கி தூக்கியது. அணிவகுத்து நடக்கக் கற்றுக்கொண்டது. போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் பழைய கூலியாட்களாகத் திரும்பவில்லை.

இந்தப் பின்னணியில்தான் நடுக் கெடாவில் 'தொண்டர் படை' எழுந்தது. திகாம் பத்துக்கு வடக்கே சுங்கைப் பட்டாணி, அதற்கும் வடக்கே பீடோங். அங்குள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் இந்த இயக்கம் வளர்ந்தது. பெயரைக் கவனியுங்கள். 'தொண்டர்' என்பது பணிவான சொல், பக்தி மரபில் ஊறியது. 'படை' போர்க்களத்துச் சொல். இரண்டையும் ஒட்டவைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

அவர்களின் முதல் இலக்கு கள். தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. கூலி வாங்கிய கையோடு ஆண்கள் அங்கே போனார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தது மிச்சக் காசும் அடியும்தான். கள்ளை ஒழித்தால் குடும்பம் நிமிரும், குடும்பம் நிமிர்ந்தால் கூலிக்காகப் பேச வாய் வரும் என்பது தொண்டர் படையின் எண்ணம். கட்டுப்பாடு, பயிற்சி, அணிவகுப்பு என்று இளைஞர்கள் திரண்டார்கள். கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். தோட்ட நிர்வாகங்களுக்கு இது பிடிக்கவில்லை. தொண்டர் படை மிரட்டல் செய்கிறது, தனி அதிகாரம் நடத்துகிறது என்று குற்றம் சாட்டினார்கள்.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கு எதிராகத் திரண்ட கூட்டத்துக்கும் காவல் துறையினருக்கும் மோதல் ஏற்பட்டது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மார்ச் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் மீண்டும் மோதல். தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள். பலருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் பலவும் முடங்கின. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

மேட்டிலிருந்து எழுதிய சொல், பள்ளத்தில் பேசிய சொல்

இனிச் சொல்லுக்குத் திரும்புவோம். பீடோங்கில் நடந்ததற்கு எத்தனை பெயர்கள்!

அரசாங்கத் தரப்பு இத்தகைய நிகழ்வுகளை 'டிஸ்டர்பன்ஸ்' என்று எழுதியது. அமைதிக் குலைவு என்று பொருள். அதற்கு முன் அங்கே அமைதி இருந்தது என்பது அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வாதம். சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவனுக்கு அது அமைதிதானா என்று அந்தச் சொல் கேட்பதில்லை.

சட்டத்தின் சொல் 'ரயட்', கலகம் செய்தல். குற்றவியல் சட்டத்தின்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோத நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம் (141ஆம் பிரிவு). அந்தக் கூட்டத்தில் ஒருவர் அந்த நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினாலும், எல்லாருமே கலகம் செய்தவர்கள் (146ஆம் பிரிவு). ஒருவன் கல்லெறிந்தால் கைகட்டி நின்றவனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

தொழிலாளர்கள் பேசிய சொற்கள் வேறு. 'ஸ்ட்ரைக்கு' என்றார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அடித்தல் என்பதும் ஒரு பொருள். ஆனால் வேலைநிறுத்தம் என்ற பொருள், 1768இல் இலண்டனில் கப்பலோட்டிகள் பாய்களைக் கீழே இறக்கி வேலையை நிறுத்தியதிலிருந்து வந்தது. மலாயில் அதற்கு 'மோகோக்'. எஞ்சின் ஓடாமல் நின்றுவிட்டாலும் அதே சொல்தான். இரண்டிலும் யாரும் யாரையும் அடிக்கவில்லை. வேலை நிற்கிறது, அவ்வளவுதான்.

'மறியல்' இன்னும் சுவையானது. மறித்தல் என்றால் தடுத்தல். கடை வாசலை மறித்து நிற்பது மறியல். இலங்கைத் தமிழில் சிறைக்காவலும் மறியல்தான், 'விளக்கமறியல்' என்பது நீதிமன்றச் சொல். மறித்து நின்றவரும் மறியல், பிடித்து மறித்து வைக்கப்பட்ட இடமும் மறியல்!

கடைசியாக, வீட்டுச் சொல். 'சண்டை', 'தகராறு'. தகராறு அரபு மூலத்திலிருந்து உருது வழியாக நமக்கு வந்தது. பாட்டி சொன்ன 'கள்ளுக்கடை சண்டை' இந்த வகை. பாட்டி பொய் சொல்லவில்லை. சிறைக்குப் போனவரின் குடும்பம் நாலு பேர் முன்னால் நிம்மதியாக வாழ, நடந்ததைச் சின்னதாக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கலாம். அவசரகாலத்தில் 'போராட்டம்' என்று வாய்விட்டுச் சொல்வது எளிதான காரியமா? அப்படித்தான் பெரிய நிகழ்வுகள் குடும்பங்களுக்குள் சின்னச் சொற்களாக ஒடுங்கிப்போகின்றன.

எந்தச் சொல்லை எங்கே ஆளலாம்?

மாணவர்கள் கட்டுரையில் குழப்பிக்கொள்ளும் சொற்களை வேறுபடுத்திப் பார்ப்போம்.

கைகலப்பு: சிலர் கையால் அடித்துக்கொள்வது. திடீரென எழுந்து விரைவில் அடங்கும். நோக்கம் தேவையில்லை.

சண்டை: இரு தரப்பு மோதல். சொல்லாலும் இருக்கலாம், கையாலும் இருக்கலாம். இரு தரப்பும் சமம் என்ற தொனி இதில் உண்டு. கம்பும் துப்பாக்கியும் எதிர்ப்பட்ட இடத்தில் இந்தச் சொல் உண்மையை மறைத்துவிடும்.

மோதல்: யார் பக்கமும் சாயாத சொல். நடந்ததை மட்டும் சொல்லும்போது பயன்படும். செய்திக் கட்டுரைக்கு ஏற்றது.

கலவரம்: கட்டுப்பாடு இல்லாத கூட்டத்தின் வன்முறை, அதனால் எழும் பீதி. கட்டுப்பாட்டோடு மறியல் செய்தவர்களுக்கு இதைப் போடுவது தவறு.

கலகம்: அதிகாரத்துக்கு எதிரான எழுச்சி. அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் பழி, எழுந்தவர் சொன்னால் பெருமை.

மறியல், வேலைநிறுத்தம்: போராட்டத்தின் வடிவங்கள். முறை இன்னதென்று தெரிந்தால் இவற்றையே எழுதுங்கள்.

போராட்டம்: நோக்கம் உண்டு, தொடர்ச்சி உண்டு, தன்னைவிட வலிய ஒன்றை எதிர்க்கும் தன்மை உண்டு. வன்முறை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

'வாழ்க்கைப் போராட்டம்' என்பதையும் அளவோடு பயன்படுத்துங்கள். கஷ்டப்பட்டதெல்லாம் போராட்டம் இல்லை. எதிர்த்து நின்றால்தான் போராட்டம். "அம்மா வறுமையில் வாடினார்" என்பது வேறு, "அம்மா வறுமையோடு போராடினார்" என்பது வேறு. இரண்டாவது வாக்கியத்தை எழுதினால், அம்மா என்ன செய்தார் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும்.

தேர்வு எழுதுவோருக்கு

முதலாவதாக, பெயர் சூட்டுவதற்கு முன் நடந்ததைச் சொல்லுங்கள். யார், எங்கே, எப்போது, எதற்காக, யாருக்கு எதிராக என்ற ஐந்துக்கும் விடை எழுதிவிட்டால், சரியான சொல் தானாக வந்து உட்காரும்.

இரண்டாவதாக, 'போராட்டம்' என்று எழுதிவிட்டதால் எல்லாமே புனிதமாகிவிடாது. தொண்டர் படை மக்களை மிரட்டியது என்ற குற்றச்சாட்டையும் குறிப்பிட வேண்டும், அது யார் வைத்த குற்றச்சாட்டு என்பதையும் குறிப்பிட வேண்டும். இரண்டையும் எழுதுபவர்தான் வரலாறு எழுதுகிறார்.

மூன்றாவதாக, ஆங்கிலச் சொல்லையோ மலாய்ச் சொல்லையோ அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். ஒரு ஆவணத்தில் 'டிஸ்டர்பன்ஸ்' என்று இருந்தால், அது எழுதியவரின் சொல். அதை மேற்கோளாகக் காட்டலாம். உங்கள் சொல்லாக ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு நடவடிக்கை. வகுப்பை நான்கு குழுவாகப் பிரியுங்கள். பீடோங் நிகழ்வைத் துரை, காவல் அதிகாரி, தொண்டர் படை இளைஞர், லயத்துப் பெண் ஆகிய நால்வர் பார்வையில் ஐந்தைந்து வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். பிறகு வினைச்சொற்களுக்கு மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். 'தாக்கினர்', 'கூடினர்', 'தடுத்தனர்', 'அடிபட்டனர்' என்று ஒரே நிகழ்வு நான்கு வினைகளில் நிற்கும். செய்வினை, செயப்பாட்டுவினைப் பாடத்துக்கும் இது உதவும்.

அந்த மாணவனுக்கு நான் நேரடியாக விடை சொல்லவில்லை. "பாட்டிகிட்ட இன்னொரு தடவை கேளு. எந்தத் தோட்டம், எந்த வருஷம், எத்தனை நாள் உள்ளே இருந்தாரு, திரும்பி வந்த பிறகு கள் குடிச்சாரா இல்லையான்னு கேட்டு எழுதிட்டு வா" என்றேன்.

அடுத்த வாரம் வந்தான். வருடம் பாட்டிக்கு நினைவில்லையாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் பாட்டி உடனே பதில் சொல்லியிருக்கிறார்: "சாகுற வரைக்கும் தொடல."

அவன் கட்டுரையில் 'சண்டை' என்ற சொல்லை ஒரே கோட்டால் அடித்திருந்தான். மேலே 'போராட்டம்' என்று எழுதியிருந்தான். அடித்த சொல்லும் படிக்கத் தெரிந்தது. நான் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன்.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பாட்டியின் பேரப்பிள்ளை இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். கேட்கத் தாமதித்தால், சொல்ல ஆள் இருக்காது.